காண்டலோ, கருதலோ?
உலோகப் பரப்பில் ஒட்டிய மூலக்கூறுகளை ஆராயும் ஒளியிலத்திரன் நிறமாலை பற்றிய ஒரு திறனாய்வு

பொருளை அறியும் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என மூன்றாகத் தொகுத்துக் கூறுவர் சைவ சித்தாந்த அளவை நூலார். மலையிலே புகையைக் காண்பது காண்டல். அப்புகை கொண்டு அங்கே நெருப்புண்டு எனத் துணிவது கருதல். இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டு மயங்குதல் அறிவுத்துறை எதனினும் நேரத்தக்க குற்றமாம். தற்கால விஞ்ஞானத்திலே இம்மயக்கத்துக்குப் பெரிதும் இடந்தருவன சில துறைகள். அவற்றுள் ஒன்று ஒளியிலத்திரன் நிறமாலையியல். உலோகப் பரப்பில் ஒட்டிநிற்கும் மூலக்கூறுகளை ஒளியினாலே தாக்கி, அவற்றினின்று வெளிப்படும் இலத்திரன்களின் சத்தியை அளந்தறிவது இம்முறை. மூலக்கூற்றில் இலத்திரன்கள் உறையும் ஒபிற்றல்களை இஃது நேரே காட்டுகின்றது எனக் கூறப்படுவதுண்டு. மாணவரும் அவ்வாறே நம்புகின்றனர். இக்கூற்றில் உண்மை எத்துணை, மிகை எத்துணை என்பதை ஆராய்தல் வேண்டும்.

இவ்வாராய்ச்சி வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. மோட்டர் வண்டிப் புகையிலுள்ள நச்சுவாயுவாகிய காபனோரொட்சைட்டு, பிளாற்றினம் முதலிய உலோகங்களின் பரப்பிலே ஒட்சியேற்றப்பட்டுக் காபனீரொட்சைட்டாகின்றது. வளியிலுள்ள நைதரசன், இரும்பு ஊக்கியின் பரப்பிலே பிளவுண்டு, ஐதரசனோடு கூடி அமோனியாவாகி, உலகின் வயல்களுக்குப் பசளையாகின்றது. அதே காபனோரொட்சைட்டு, ஐதரசன் எரிபொருட் கலத்தின் பிளாற்றினத்தைப் பற்றிக்கொண்டு அதன் தொழிலைக் கெடுக்கின்றது. இவை யாவும் ஓரணுத் தடிப்புள்ள படையிலே நிகழ்வன. அப்படையிலே மூலக்கூறு நிற்கின்றதா, கிடக்கின்றதா, எவ்வணுவினால் உலோகத்தைப் பற்றுகின்றது, பிளவுபட்டதா, படவில்லையா என்னும் வினாக்களுக்குப் பிழையான விடை கிடைக்குமாயின், அதன்மேல் எழுப்பப்படும் கொள்கை முழுவதும் பிழையாகும்.

முறையின் அடிப்படை எளிது. ஒளிபட்டால் உலோகத்தினின்று மின்னேற்றம் வெளிப்படும் என்னும் உண்மைக்கு வழிகாட்டிய தோற்றப்பாட்டை ஹேர்ட்ஸ் 1887 இலே கண்டார். ஒளி சத்திப் பொட்டலங்களாகச் செல்கின்றது என்னும் கருத்தைக்கொண்டு அதற்கு 1905 இலே விளக்கந் தந்தவர் ஐன்ஸ்டைன். 1921 ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கு இதன்பொருட்டே வழங்கப்பட்டது. வந்த ஒளிப்பொட்டலத்தின் சத்தியினின்று, வெளியேறும் இலத்திரனின் இயக்கசத்தியைக் கழித்தால், அவ்விலத்திரனை விடுவிக்கச் செலவான சத்தி எஞ்சும். வரவிலிருந்து கையிருப்பைக் கழித்துச் செலவை அறியும் கணக்கே இது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இக்கணக்கு இருவகை ஒளியைக்கொண்டு நுட்பமாக்கப்பட்டது. சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத்திலே காய் சீக்பான் எக்ஸ் கதிர்களைக்கொண்டு அணுவின் உட்படை இலத்திரன்களை அளந்தார். 1981 இலே நோபல் பரிசும் பெற்றார். இலண்டனிலே டேவிட் ரேணர், 1960 களின் தொடக்கத்திலே, ஈலிய விளக்கின் 21.2 இலத்திரன்வோற்றுச் சத்தியுள்ள ஊதாக்கடந்த கதிரைக்கொண்டு வாயு மூலக்கூறுகளின் வெளியிலத்திரன்களை அளந்தார். முன்னையது இவ்வணு யாது, அதன் அயல் யாது என வினவுவது. பின்னையது இம்மூலக்கூறு எவ்வாறு பிணைந்துள்ளது என வினவுவது.

பரப்பை ஆராய்வதற்கு இம்முறை பொருந்துவதன் காரணமும் அறியத்தக்கது. ஒளி உலோகத்தினுள் ஆழப் புகினும், சிலபத்து இலத்திரன்வோற்றுச் சத்தியுள்ள இலத்திரன் சில அணுப்படைகளைக் கடப்பதற்குள் மோதிச் சத்தியை இழந்துவிடும். ஆகவே சத்தி குன்றாது வெளிவருவன மேற்பரப்பினின்றும் அதனையடுத்த சில படைகளினின்றுமே வருவன. ஒரு சதுரச் சதமமீற்றர்ப் பரப்பிலே ஏறத்தாழ ஆயிரம் இலட்சங்கோடி அணுக்களே உள. அவை தரும் சிறு குறிகூடத் தெளிவாகக் கேட்கின்றது. ஆயின் பரப்புத் தூயதாயிருத்தல் வேண்டும். ஒரு தொர் அமுக்கத்தின் பத்திலட்சத்தில் ஒரு பங்கான வெற்றிடத்திலும், மோதும் மூலக்கூறுகள் யாவும் ஒட்டுமாயின், ஏறக்குறைய ஒரு செக்கனிலே பரப்பு முழுவதும் மாசு படியும். அமுக்கத்தை மேலும் பதினாயிரம் மடங்கு குறைத்தாலன்றி ஆய்வாளனுக்குச் சில மணிநேரந் தூய பரப்புக் கிட்டாது. இத்தகைய மீவுயர் வெற்றிடம் 1960 களிலே ஆய்வுகூடங்களிற் பரவிய பின்னரே இத்துறை வளர்ந்தது.

இனி, முறையின் வலிமையையும் மெலிவையும் ஒருங்கே காட்டும் ஓர் எடுத்துக்காட்டை நோக்குதல் தகும். அது நிக்கற் பரப்பில் ஒட்டிய காபனோரொட்சைட்டு. வாயு நிலையிலே இம்மூலக்கூற்றின் வெளிப்புற ஒபிற்றல்கள் மூன்று, நிறமாலையிலே மூன்று முகடுகளாகத் தோன்றும். 5 சிக்மா என்பதினின்று இலத்திரனை நீக்க 14.0 இலத்திரன்வோற்றும், 1 பை என்பதற்கு 16.9 உம், 4 சிக்மா என்பதற்கு 19.7 உம் வேண்டும். முதல் இரண்டிற்கும் இடையே 2.9, பின் இரண்டிற்கும் இடையே 2.8. இடைவெளிகள் ஏறக்குறையச் சமம் என்பதை மனத்திற் பதித்தல் நன்று. பின்வரும் குழப்பத்தின் வித்து அங்கேயே உளது.

1971 இலே ஈஸ்ற்மன், கஷன் என்னும் இருவர், நிக்கலில் ஒட்டிய காபனோரொட்சைட்டின் நிறமாலையை வெளியிட்டனர். உலோகத்தின் இலத்திரன்கள் நிரம்பிநிற்கும் உச்சமாகிய பேமி மட்டத்தின் கீழே ஏறத்தாழ 7.5 இலும் 10.7 இலும் இரண்டு முகடுகள் தோன்றின. மூன்று எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் இரண்டு. அவற்றின் இடைவெளி 3.2. அவற்றை முறையே 5 சிக்மா எனவும் 1 பை எனவும் அவர்கள் கொண்டனர். இக்கொள்கையில் ஒரு கவர்ச்சியும் உண்டு. காபனோரொட்சைட்டு மூடிய நிக்கலினின்று இலத்திரனை வெளியேற்றும் வேலைச் சார்பு 6 இலத்திரன்வோற்றை ஒட்டியது. அதனைக் கூட்டினால் முகடுகள் 13.5, 16.7 என்னும் இடங்களுக்கு வரும். வாயு நிலையின் 14.0, 16.9 என்பவற்றுக்கு அவை மிக அணித்தானவை. மூலக்கூறு தன் இயல்பு சிறிதும் திரியாது பரப்பிலே வந்து அமர்ந்ததுபோன்ற தோற்றம் இதனால் உண்டாகின்றது. காணாமற்போன 4 சிக்மாவோ, இக்கணக்கின்படி பேமி மட்டத்தின் கீழே 14 ஐ அணுகிய இடத்தில் இருத்தல் வேண்டும். 21.2 இலத்திரன்வோற்று ஒளியிலே அவ்விடத்து இலத்திரன்கள் மிகச் சிறு வேகத்தோடு வெளிப்பட்டு, மோதிக் களைத்த பிற இலத்திரன்களின் பெருங்கூட்டத்துள் மறையும் எனச் சமாதானங் கூறவும் இயலும்.

எண்கள் பொருந்தின, ஆயினும் பொருள் பொருந்தவில்லை. உலோகத்தோடு பிணையும் ஒபிற்றல் 5 சிக்மா என்பது பிளைஹோல்டர் 1964 இலே முன்வைத்த பிணைப்புக் கொள்கையின் ஒரு பாதி. பிணையும் ஒபிற்றல் மற்றவற்றைவிடத் தாழ்ந்து செல்லுதல் வேண்டுமே. அங்ஙனமாகவும் இரண்டும் தம் பழைய இடைவெளியை ஏறக்குறையக் காத்து நிற்பது எங்ஙனம்? இவ்வினா எழுந்த பின்னர், முதன் முகடு 5 சிக்மாவும் 1 பையும் ஒன்றன்மேல் ஒன்று வீழ்ந்த கூட்டு முகடாகவும், இரண்டாவது முகடு 4 சிக்மாவாகவும் இருக்கலாகாதா என்னும் எண்ணம் பிறந்தது. இரண்டு விளக்கங்களும் ஒரே நிறமாலையைச் செவ்வையாக விளக்கின. நிறமாலையோ தனக்குள்ளே அவ்விரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் வழியை வைத்திருக்கவில்லை.

வழக்குத் தீர்ந்தது வேறு வினாக்களினாலே. 1975 இலே கஸ்ராவ்சன், பிளம்மர், ஈஸ்ற்மன், பிரீயூவ் ஆகியோர், ஒளியின் சத்தியை மாற்ற மாற்ற ஒவ்வொரு முகட்டின் செறிவும் எவ்வாறு மாறுகின்றது என்பதை நோக்கினர். அம்மாற்றம் ஒவ்வோர் ஒபிற்றலுக்கும் வேறுபடும். ஆகவே அஃது ஆளடையாளம் போன்றது. இரண்டாவது முகடு 4 சிக்மா என்பதே இதன் முடிவு. 1971 ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியருள் ஒருவராகிய ஈஸ்ற்மனே இத்திருத்தத்திலும் பங்குகொண்டார் என்பது போற்றத்தக்கது. தாம் கட்டிய வீட்டின் அத்திவாரத்தைத் தாமே மீளத் தோண்டிப் பார்ப்பவர் அரியர்.

அடுத்து 1976 இலும் 1977 இலும் முனைவாக்கிய ஒளியைக் கொண்டும், இலத்திரன் வெளிவருந் திசையைத் தேர்ந்தும் பரிசோதனைகள் நடந்தன. மூலக்கூறு பரப்புக்குச் செங்குத்தாக நிற்குமாயின், பரப்பின் செங்குத்துத் திசையில் வெளிவரும் இலத்திரன்களை நோக்குங்கால், ஒளியின் மின்புலம் செங்குத்தாயிருப்பின் சிக்மா முகடுகளே தோன்றும். மின்புலம் பரப்புக்குச் சமாந்தரமாயிருப்பின் பை முகடே தோன்றும். இது சமச்சீர் விதித்த விதி. சிமித், அண்டர்சன், லபேயர் ஆகியோரும், அலின், கஸ்ராவ்சன், பிளம்மர் ஆகியோரும் இவ்வழியிற் சென்று, கூட்டு முகட்டைப் பிரித்ததோடு மூலக்கூறு நிமிர்ந்து நிற்பதையும் நிறுவினர். இலத்திரன் எத்திசையிற் செறிந்து செல்லும் என டேவன்போட் 1976 இலே செய்த கணிப்பு இதற்குப் பெருந்துணையாயிற்று.

புதிய விளக்கத்தின்படி மேற்கூறிய கணக்கை மீளச் செய்தால், 1 பையும் 4 சிக்மாவும் ஏறத்தாழ 3 இலத்திரன்வோற்று மேலே வந்திருத்தல் புலப்படும். 5 சிக்மாவோ நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தோன்றும். இடம் பெயராதது போலத் தோன்றுவதே உண்மையிற் பெரிதும் மாறியது. இடம் பெயர்ந்தது போலத் தோன்றுவனவோ மாறாதவை! ஓடுகின்ற வண்டியினுள் இருப்பவனுக்கு மரங்கள் ஓடுவதுபோலத் தோன்றும் மயக்கம் இது. அங்ஙனம் எல்லாவற்றையும் ஒருங்கே மேலே தூக்கியது யாது என்பதே இம்முறையின் உட்பொருளைத் தொடும் வினா.

விடை இது. இலத்திரன் வெளியேறிய பின் அங்கே எஞ்சுவது பழைய மூலக்கூறன்று. நேரேற்றம் பெற்ற அயன். உலோகத்திலுள்ள கட்டற்ற இலத்திரன்கள் அக்கணமே அவ்வயனை நோக்கிச் சரிந்து, அதன் ஏற்றத்தை மறைத்து, அதன் சத்தியைத் தாழ்த்துகின்றன. மிஞ்சிய சத்தி வெளியேறும் இலத்திரனைச் சேர்கின்றது. நிறமாலை அளப்பது இரண்டு முழுநிலைகளுக்கு இடையேயுள்ள சத்தி வேறுபாட்டையே. ஒன்று இலத்திரன் இருந்த நிலை, மற்றையது அது போன பின் யாவும் ஒழுங்குபட்ட நிலை. ஒருவர் வீட்டைவிட்டுப் போனபின் மற்றையோர் இடம் மாறி அமர்ந்துவிட, அந்த அமைப்பைப் பார்த்துப் போனவர் எங்கே இருந்தார் எனக் கூறுவது போன்றது அந்நிறமாலையை ஒபிற்றலின் படமாகக் கொள்வது. எஞ்சிய இலத்திரன்கள் அசையாதிருப்பின் மட்டுமே அயனாக்கற் சத்தி ஒபிற்றலின் சத்திக்குச் சமமாகும் என 1934 இலே காட்டியவர் கூப்மன்ஸ். அவர் பின்னர் பொருளியலறிஞராகி 1975 இலே அத்துறையில் நோபல் பரிசு பெற்றார். அவருடைய தேற்றத்தைப் பயன்படுத்துவோர் அதன் நிபந்தனையை மறந்துவிடுவதே பெருவழக்கு.

டெமுத்தும் ஈஸ்ற்மனும் 1974 இலே இந்நிபந்தனையை மறவாது ஒரு வழி வகுத்தனர். நிக்கலில் ஒட்டிய பென்சீன், எதிலீன், அசற்றலீன் ஆகியவற்றிலே, பிணைப்பிற் பங்குகொள்ளாத சிக்மா ஒபிற்றல்கள் யாவும் ஒரே அளவு மேலே வருதலைக் கண்டு, அப்பொது உயர்வை உலோகத்தின் மறைப்பினால் வந்தது எனக் கொண்டனர். அதனின்று பை ஒபிற்றல் விலகும் அளவைப் பிணைப்பினால் வந்தது எனக் கொண்டனர். இவ்வழி பயனுடையது, எதிலீன் வெப்பத்தால் ஐதரசனை இழந்து அசற்றலீனாவதை இதுகொண்டே அறிந்தனர். ஆயின் மறைப்பு எல்லா ஒபிற்றல்களுக்கும் ஒரே அளவினது என்பது அளந்து கண்டதன்று, ஏற்றுக்கொள்ளப்பட்டது. உலோகத்தை அணுகி நிற்கும் ஒபிற்றலும் அகன்று நிற்கும் ஒபிற்றலும் ஒரே தன்மையாய் மறைக்கப்படும் எனக் கொள்ளுதற்குப் பொதுவிதி யாதும் இல்லை. ஆகவே இவ்வாறு பெற்ற பிணைப்பு அளவைத் துணிபாகக் கொள்ளாது மதிப்பீடாகக் கொள்வதே நேரிது.

பிணைப்பின் கதை அத்தோடு முடியவில்லை. பிளைஹோல்டர் கொள்கையின்படி 5 சிக்மா இலத்திரன்களை உலோகத்துக்கு ஈயும். உலோகம் தன் இலத்திரன்களை மூலக்கூற்றின் வெறுமையான 2 பை எதிர்ப்பிணைப்பு ஒபிற்றலுக்குத் திருப்பி ஈயும். கொடுக்கல் வாங்கல் என மாணவர் நெட்டுருச் செய்யும் இப்படம் அழகியது. ஆயின் எக்ஸ் கதிர்க் காலல் நிறமாலையும் கணிப்பும் கொண்டு ஃபோலிஷ், நில்சன், பெற்றர்சன் முதலானோர் 2000 ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வு, சிக்மா இடைவினை உண்மையில் விலக்குந் தன்மையது எனவும், பற்றுதலைத் தருவது பை இடைவினையே எனவும் காட்டிற்று. 5 சிக்மா தாழ்கின்றது என்பதை ஒளியிலத்திரன் நிறமாலை பிழையின்றிக் கூறியது; தாழ்ந்ததனால் அதுவே பிணைப்பின் வலிமைக்குக் காரணம் எனக் கூட்டிச் சொன்னவர் மனிதர். கணிப்பும் தனியே நின்று தீர்ப்பளிக்க வல்லதன்று. பிளாற்றினத்தின் நெருங்கிய பரப்பிலே காபனோரொட்சைட்டு ஓரணுவின் உச்சியில் நிற்பதைப் பரிசோதனைகள் காட்ட, அக்காலத்துக் கணிப்புகள் அதனை மூன்றணுக்களின் நடுக்குழியில் அமர்த்தின என்பதை ஃபைபல்மன் முதலானோர் 2001 இலே ஒரு புதிராக எடுத்துரைத்தனர்.

அண்மைக் காலத்திலே ஒபிற்றலைக் காண்கின்றோம் என்னும் கூற்று மீண்டும் வலுப்பெற்றுள்ளது. 2009 இலே புஷ்னிக் முதலானோர், பரப்பிலே தட்டையாகக் கிடக்கும் நீண்ட மூலக்கூறுகளினின்று எல்லாத் திசைகளிலும் வெளிவரும் இலத்திரன்களின் பரம்பலை அளந்து, அதனின்று ஒபிற்றலின் உருவை மீளக் கட்டினர். இது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. எனினும் அதற்கு இரண்டு படிகள் வேண்டும். வெளியேறும் இலத்திரன் வளையாத் தள அலையாகச் செல்கின்றது எனக் கொள்ளுதல் ஒன்று; அளவீட்டிலே தொலைந்துபோகும் அலையின் அவத்தையை வேறு வழியால் மீட்டல் மற்றொன்று. தட்டையான பை மூலக்கூறுகளுக்கு முதற்படி நன்கு பொருந்துகின்றது. எல்லா மூலக்கூறுகளுக்கும் அங்ஙனம் பொருந்தும் எனக் கொள்ளுதல் ஆகாது. ஒபிற்றல் என்பது ஓரிலத்திரன் அண்ணளவாக்கத்தின் கருத்துப் பொருளேயாதலின் அதனை நோக்கிக் காண்டல் இயலாது என இரசாயன மெய்யியலாளர் எரிக் செரி 2000 ஆம் ஆண்டிலே, வேறொரு முறை பற்றி எழுந்த ஆரவாரத்தின்போது, வாதித்தார். அவ்வாதம் இங்கும் கருதத்தக்கது. புகை எவ்வளவு தெளிவாயினும் புகையே. அது காட்டும் நெருப்பை நாம் கருதியே அறிகின்றோம்.

இங்ஙனம் கூறுவதனால் முறையை இழித்துரைத்தல் கருத்தன்று. நைதரசன் இரும்புப் பரப்பிலே மூலக்கூறாக நிற்கின்றதா, அணுக்களாகப் பிளந்ததா என்னும் வினாவிலே, உட்படை இலத்திரன்களின் சத்தி அணுவைத் தனியே இனங்காட்டிற்று. அமோனியா ஆக்கத்தின் படிகளைத் தெளிவாக்கி 2007 இலே நோபல் பரிசு பெற்ற கெர்ஹாட் ஏர்ட்டில் குழுவினர் பயன்படுத்திய கருவிகளுள் இதுவும் ஒன்று. ஈண்டு வினா எளிது; விடை ஆம், அன்று என்னும் இரண்டில் ஒன்று; கருதலின் நீளமுங் குறுகியது. அத்தகைய இடத்தில் இம்முறைக்கு நிகர் அரிது.

மற்றொரு குறைபாடும் சுட்டத்தக்கது. அமோனியா ஆலையிலே அமுக்கம் வளிமண்டலத்தின் நூறு மடங்கினும் மேற்பட்டது. ஆய்வுகூடத்திலோ ஏறக்குறைய ஒன்றுமில்லை. வெற்றிடத்திற் கண்ட பரப்புத்தான் ஆலையிலும் உள்ளது என்பதற்குச் சான்றென்ன? சில தொர் அமுக்கத்திலும் இலத்திரன்களை அளக்கவல்ல கருவிகள் பின்னர் அமைக்கப்பட்டன. அவற்றின் துணையோடு சொமர்ஜாய், சல்மெரோன் முதலானோர் 2010 இலே வெளியிட்ட ஆய்வு, படிகள் செறிந்த பிளாற்றினப் பரப்பு ஏறக்குறைய ஒரு தொர் காபனோரொட்சைட்டின் கீழே சிறு சிறு அணுத்திரள்களாக உடைந்துபோவதையும், வாயுவை நீக்கியதும் மீண்டுவருவதையும் காட்டிற்று. ஒட்டிய மூலக்கூறே ஒட்டிடத்தை மாற்றுகின்றது. மேடையே நடிகனோடு ஆடுகின்றது. வெற்றிடத்துப் பரிசோதனை மட்டும் இதனை ஒருபோதும் சொல்லியிராது.

ஆகவே முடிபு இது. ஒளியிலத்திரன் நிறமாலை மூலக்கூற்றின் நிழற்படம் அன்று. இலத்திரனை இழந்த மூலக்கூறும் அதனைச் சூழ்ந்த உலோகமும் சேர்ந்து எழுதித்தரும் வாக்குமூலம். அவ்வாக்குமூலம் பொய்யுரைப்பதில்லை, ஆயின் கேட்ட வினாவுக்கன்றி வேறு எதற்கும் அது விடை கூறாது. 1971 இன் நிறமாலையும் 1977 இன் நிறமாலையும் ஒரே மூலக்கூற்றைப் பற்றியவை. இடையிலே மாறியது மூலக்கூறன்று; ஒளியின் சத்தியையும் புலத்தின் திசையையும் மாற்றி மாற்றி வினவக் கற்ற மனிதரின் வினாவே. மாணவர்க்கு இத்துறையைக் கற்பிப்போர், முகடுகளின் பெயர்களை ஒப்புவிக்கச் செய்வதற்கு முன்னர், இப்பெயர் எவ்வாறு இடப்பட்டது, வேறு பெயர் இடுதற்கு இடமுண்டா, அவ்விரண்டையும் எப்பரிசோதனை வேறுபடுத்தும் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புவாராயின், காண்டலையும் கருதலையும் மயங்காத அறிவு தானே வளரும்.